‘தெர்ரா நுல்லியுஸ்’: ஒரு சொற்றொடரின் வரலாறு

இலத்தீன் மொழியில் ‘தெர்ரா’ என்பது நிலம். ‘நுல்லியுஸ்’ என்பது ‘எவரது’ என்னும் வினாவுக்கு ‘எவரதும் அன்று’ என விடை தரும் ஆறாம் வேற்றுமைச் சொல். இரண்டும் சேர்ந்த ‘தெர்ரா நுல்லியுஸ்’ என்னும் தொடர், எவருக்கும் உரியதல்லாத நிலம் என்று பொருள்படும். ஆங்கிலத்தின் வழியே சட்டம் பயின்றோர் இதனை ‘டெரா நல்லியஸ்’ என ஒலிப்பர். ஆஸ்திரேலியாவின் வரலாற்றைப் பயில்வோர் எவரும் இத்தொடரைக் கடந்து செல்லுதல் இயலாது. 1788-இல் ஆங்கிலேயர் அக்கண்டத்திற் குடியேறியபோது அதனைத் ‘தெர்ரா நுல்லியுஸ்’ என்று அறிவித்தே கைக்கொண்டனர் என்றும், அவ்வறிவிப்புக்கு உரோமானியச் சட்டத்தின் பழைய கோட்பாடொன்று துணைநின்றது என்றும் பலர் எழுதியுள்ளனர். இக்கூற்றின் இரு பகுதிகளும் ஆராய்ச்சிக்கு நில்லா. உரோமானியச் சட்டநூல்கள் இத்தொடரைக் கோட்பாடாக வழங்கவில்லை. 1788-இல் வந்திறங்கியோரும் இதனைக் கூறினாரல்லர். ஆயின், இத்தொடர் எப்பொழுது, எதன்பொருட்டு வழக்கிற்கு வந்தது? தொடர் பிற்காலத்தது எனின், அதனாற் சுட்டப்படும் செயலும் நிகழ்ந்ததில்லை என்று கொள்ளலாமா? ஈண்டு ஆராயப் புகுவன இவையே.

இதனைத் தமிழிற் பெயர்க்க முற்படுவார்க்குத் தொடக்கத்திலேயே ஓர் இடர் நேர்கின்றது. ‘ஆளில்லா நிலம்’ எனப் பெயர்த்தால், மக்களே வாழாத இடம் என்றாகும். ‘உடையாரில்லா நிலம்’ எனின், மக்கள் வாழினும் அவருள் எவர்க்கும் அது உடைமையன்று என்பதாகும். ‘அரசில்லா நிலம்’ எனின், வாழ்வாரும் உடையாரும் இருப்பினும், பிற அரசுகள் ஒப்புக்கொள்ளத்தக்க ஓர் ஆட்சி அங்கே இல்லை என்பதாகும். மூன்றும் வெவ்வேறு நிலைகள். தமிழ் இவற்றிற்கு மூன்று தொடர்களை வேண்டி நிற்கின்றது; இலத்தீன் தொடரோ மூன்றையும் ஒருங்கே தன்னுள் அடக்கிக்கொள்கின்றது. ஒரு பொருளுக்காகக் கூறப்பட்ட நியாயத்தை மற்றொரு பொருளுக்கு மாற்றிக்கொண்ட வரலாறே இத்தொடரின் வரலாறு என்பது இக்கட்டுரையாசிரியன் கருத்து.

உரோமானியர் சட்டத்தில் வேரூன்றிய கருத்து ‘ரேஸ் நுல்லியுஸ்’ என்பது. எவருடையதும் அல்லாத பொருள் என்பது அதன் கருத்து. கி.பி. இரண்டாம் நூற்றாண்டினராகிய காயுஸ் என்னும் சட்டவல்லுநரின் நூலும், பேரரசர் ஜஸ்டினியன் ஆணையால் 533-இல் வெளிவந்த ‘இன்ஸ்டிட்யூட்ஸ்’ என்னும் நூலும் இதனை விளக்குகின்றன. காட்டு விலங்கு, பறவை, மீன், கடற்கரையிற் கிடக்கும் மணி ஆகியவை இயல்பில் எவர்க்கும் உரியன அல்ல. அவற்றை முதலிற் கைப்பற்றுவோனுக்கே அவை உரியனவாகும். இவ்வாறு உரிமை பெறும் முறையை ‘ஒக்குபாத்தியோ’ என்றனர். வலையில் அகப்பட்ட மீன் வலையோனது. வலையைக் கிழித்துக்கொண்டு மீண்டும் கடல் புகுந்தால் அது பழையபடி எவரதும் அன்று. அன்றாட வாழ்வில் எழும் சிறு வழக்குகளைத் தீர்க்க ஏற்பட்ட விதி இது.

நிலத்தைப்பற்றி இவ்விதி பேசும் இடம் மிக அரிது. கடல் நடுவே புதிதாக ஒரு தீவு எழுமாயின், அது முதலிற் கைக்கொள்வார்க்கு உரியது என ஜஸ்டினியன் நூல் கூறி, அங்ஙனம் நிகழ்தல் அரிது என்றும் உடன் உரைத்துச் செல்கின்றது. அவ்வரிய நிகழ்ச்சி 1831-இல் உண்மையாகவே நேர்ந்தது. சிசிலிக்குத் தெற்கே எரிமலை வெடிப்பால் ஒரு சிறு தீவு கடலினின்றும் எழுந்தது. ஆங்கிலேயர் அதற்குக் கிரகாம் தீவு எனப் பெயரிட்டனர். சிசிலியை ஆண்ட அரசினர் தம் மன்னன் பெயரால் பெர்டினாண்டியா என்றனர். பிரெஞ்சுக்காரர் ஜூலியா என்றனர். மூவரும் தத்தமக்கே அது உரியது என்று வழக்காடத் தொடங்கினர். வழக்குத் தீருமுன்னரே, சில திங்களில், தீவு கடலுள் மறைந்தது. ஆளும் உடையாரும் அரசும் ஒருங்கே இல்லாத நிலம் என்று ஐயமின்றிச் சொல்லத்தக்க நிலம் உலகில் அத்துணை நிலையற்றது போலும்!

உரோமானியர் ஒரு பேரரசையே நிலத்தால் விரித்தவர். அவர்க்கு ‘எவரதும் அன்று’ என்னும் வாதம் ஏன் தேவைப்படவில்லை என்னும் வினா எழும். அவர் நிலத்தை வாளாற் பெற்றனர். பெற்றதை மறைக்கவும் இல்லை. தோற்றாரிடமிருந்து பறிக்கப்பட்ட நிலம் ‘ஆகெர் புப்ளிக்குஸ்’, அஃதாவது உரோம மக்களது பொதுநிலம் ஆயிற்று. மாகாணங்களில் உள்ள நிலத்தின் உடைமை உரோம மக்களுக்கோ பேரரசனுக்கோ உரியது. பிறர் அதனை வைத்துத் துய்ப்பவரே என்று காயுஸ் எழுதுவார். நேற்றுவரை பிறருடையதாக இருந்தது, இன்று எம்முடையது என்பதே அவர்தம் கூற்று. அது கொடிது, எனினும் ஒளிவற்றது.

பதினாறாம் நூற்றாண்டில், உரோமானியரின் மீன்விதி முதன்முதலாகக் கண்டங்களை நோக்கித் திருப்பப்பட்டது. ஆயின் திருப்பியவர் அதனை நிலம் பறித்தற்குப் பயன்படுத்தவில்லை என்பது வியப்புக்குரியது. ஸ்பெயின் நாட்டுச் சலமாங்கா பல்கலைக்கழகத்தில் இறைநூற் பேராசிரியராக விளங்கிய பிரான்சிஸ்கோ தெ வித்தோரியா என்பார், 1539-இல் அமெரிக்கத் தொல்குடியினரைப்பற்றி ஒரு விரிவுரை நிகழ்த்தினார். கண்டுபிடித்தமையால் ஸ்பெயினுக்கு அந்நாடுகள் உரியனவாகுமா என்னும் வினாவை அவர் எடுத்துக்கொண்டார். எவருக்கும் உரியதல்லாத பொருளே கைப்பற்றுவோனைச் சேரும். அந்நாடுகளோ தமக்கென உடையவரைக் கொண்டவை. தனியுடைமையும் பொதுவாட்சியும் அம்மக்களிடம் இருந்தன. ஆகவே, அவர்கள் நம்மைக் கண்டுபிடித்திருந்தால் நம் நாடு அவர்க்கு எவ்வளவு உரியதாகுமோ, அவ்வளவே அவர் நாடு நமக்கு உரியதாகும் என்று அவர் முடிவு கூறினார். வேறு காரணங்கள் சிலவற்றால் ஸ்பெயினின் ஆட்சிக்கு அவர் இடந்தந்தார் என்பதும் உண்மை. எனினும் ‘நுல்லியுஸ்’ என்னும் சொல், இவ்வழக்கில் முதலில் தொல்குடியினர்க்குக் கேடயமாகவே வந்தது என்பது மறக்கத்தக்கதன்று.

ஒல்லாந்தராகிய ஹியூகோ குரோஷியஸ் 1609-இல் வெளியிட்ட ‘கட்டற்ற கடல்’ என்னும் இலத்தீன் நூலிலும் இதே வாதம் வருகின்றது. சாவகம், தப்ரபேன் எனப்பட்ட ஈழம், மலுக்கத் தீவுகளின் பெரும்பகுதி ஆகியவற்றைப் போர்ச்சுகீசியர் கண்டுபிடித்ததால் உடைமையாக்கிக்கொள்ளுதல் இயலாது. அவை தமக்கென அரசரும் சட்டமும் உடையவை என்பார் அவர். இந்நூல் வெளிவந்து ஐம்பது ஆண்டு நிரம்புமுன், 1658-இல், அவருடைய நாட்டினரே யாழ்ப்பாணக் கோட்டையைப் போர்ச்சுகீசியரிடமிருந்து கைப்பற்றித் தாமே ஆண்டனர். சட்டநூலாரின் வாதம் பிறநாட்டார்மேற் செலுத்தும்போது கூர்மையாகவும், தம் நாட்டார்மேற் செலுத்தும்போது மழுங்கியும் இருப்பதற்கு இது சான்று.

பதினேழாம் நூற்றாண்டின் இறுதியில் வாதம் வேறு வழியிற் சென்றது. நிலம் எவரது என்னும் வினாவுக்கு, ‘உழைத்தவனது’ என்பது ஜான் லாக்கின் விடை. 1690-ஆம் ஆண்டினதாக அச்சிடப்பெற்ற அவரது அரசியல் நூலின் இரண்டாம் பகுதியில், பொதுவாகக் கிடந்த நிலத்தோடு தன் உழைப்பைக் கலந்தவன் அதனைத் தனதாக்குகின்றான் என்னும் கருத்து நிறுவப்படுகின்றது. உழாத நிலம் உரியாரில்லாத நிலம் என்னும் முடிவுக்கு இங்கிருந்து ஓர் அடிதான் உண்டு. சுவிட்சர்லாந்தினராகிய எமரிக் தெ வாத்தல் 1758-இல் எழுதிய அனைத்துலகச் சட்டநூலில் அவ்வடியைப் பெரும்பாலும் எடுத்துவைத்தார். உழுதலை மனித இனத்தின் கடமை எனக் கொண்ட அவர், பரந்த நிலத்தில் அலைந்து திரியும் குடிகளிடமிருந்து அதன் ஒரு பகுதியைப் பிறர் எடுத்துக் குடியேறுதல் பழுதன்று என்றார். அங்ஙனம் கூறியவரே, மெக்சிகோ, பெரு ஆகிய நாடுகளை வென்றது முறையற்ற கவர்தல் என்றும், வட அமெரிக்காவில் தொல்குடியினரிடம் நிலத்தை விலைகொடுத்து வாங்கிய தூய்மைநெறியினர் போற்றத்தக்கவர் என்றும் எழுதினார். இவருள் எவரும் ‘தெர்ரா நுல்லியுஸ்’ என்பதை ஒரு கோட்பாட்டின் பெயராக நிறுவவில்லை. ஆயின் உடைமையின் அடையாளம் உழவே என்ற எண்ணம் சட்டநூலில் இடம்பெற்றுவிட்டது. வேட்டையாடியும் கிழங்கு அகழ்ந்தும் தீயிட்டுப் புல்வெளி பேணியும் வாழ்வார்க்கு அந்த அளவுகோலில் இடமில்லை.

இனி ஆஸ்திரேலியாவுக்கு வருவோம். 1768 ஜூலைத் திங்கள் 30-ஆம் நாள் ஆங்கிலக் கடற்படைத் துறையினர் ஜேம்ஸ் குக்குக்கு மறைவாக அளித்த கட்டளையில் இரண்டு நெறிகள் காணப்படுகின்றன. மக்கள் வாழும் நாடாயின் அவர்தம் இசைவுடன் ஏற்ற இடங்களை மன்னன் பெயராற் கைக்கொள்க. ஆளற்ற நாடாயின் அடையாளங்களை நிறுவி உரிமை கொள்க என்பன அவை. குக் 1770 ஆகஸ்டு 22-ஆம் நாள், இன்று ‘பொசஷன் தீவு’ என வழங்கும் சிறு தீவில் கொடியேற்றிக் கிழக்குக் கடற்கரை முழுவதையும் மன்னன் பெயராற் கைக்கொண்டார். அக்கரையில் மக்கள் வாழ்வதை அவர் கண்டிருந்தார். அவர்களோடு பழகியும் இருந்தார். இசைவு பெற்றதாக எக்குறிப்பும் இல்லை. கட்டளையின் முதல் நெறிக்கு உரிய நாட்டில் இரண்டாம் நெறிக்கு உரிய செயல் நிகழ்ந்தது. இவ்வழுவலைப் பின்வந்தோர் எவரும் திருத்தினாரல்லர்.

குக்குடன் சென்ற ஜோசப் பேங்க்ஸ் என்பாரின் சொல் அடுத்துப் பெருவலிமை பெற்றது. கடற்கரையில் மக்கள் மிகச் சிலரே; உள்நாடு ஆளற்றதாகவே இருக்கக்கூடும் என்பது அவர் ஊகம். உள்நாட்டிற்கு அவர் சென்றதில்லை. மீனில்லாத இடத்தில் உழவறியா மக்கள் வாழ்தல் எங்ஙனம் என்னும் எண்ணமே ஊகத்தின் அடிப்படை. 1779-லும் 1785-லும் ஆங்கில மக்களவையின் குழுக்கள், தண்டனை பெற்றோரை எங்கு அனுப்பலாம் என ஆராய்ந்தபோது அவரிடம் சான்று பெற்றன. நிலத்தை அம்மக்களிடம் விலைக்குப் பெறலாகுமா என்று 1785-இல் வினவப்பட்டபோது, அவர்கள் விரும்பத்தக்க பொருள் எதுவும் நம்மிடம் இல்லாமையால் அது கூடாது என்னும் கருத்துப்பட அவர் விடையிறுத்தார். வாங்க இயலாது என்பதனால் வாங்க வேண்டுவதில்லை என்றாயிற்று. 1788-இல் குடியேற்றத் தலைவராக வந்த ஆர்தர் பிலிப், மக்கள் தொகை எண்ணியதினும் மிகுதி என விரைவிலேயே எழுதினார். ஆயினும் திட்டம் மாறவில்லை.

சட்டத்தின் பக்கம் நோக்கினால், வில்லியம் பிளாக்ஸ்டோன் 1765 முதல் வெளியிட்ட ஆங்கிலச் சட்ட விளக்கநூலில் குடியேற்றநாடுகள் இருவகைப்படுகின்றன. பாழும் தரிசுமாய்க் கிடந்து, குடியேறிய அளவானே உரியதான நாடு ஒருவகை. அங்கே ஆங்கிலச் சட்டம் குடியேறுவாரோடு உடன் செல்லும். வென்றோ உடன்படிக்கையாலோ பெற்ற நாடு மற்றொருவகை. அங்கே மன்னன் மாற்றும்வரை பழைய சட்டம் நிற்கும். அமெரிக்காவின் குடியேற்றங்களைப் பிளாக்ஸ்டோன் இரண்டாம் வகையிற் சேர்த்தார். நியூ சவுத் வேல்ஸ் முதல்வகையிற் சேர்க்கப்பட்டது. இவ்வகைப்பாடு எந்தச் சட்டத்தின் பெயரால் முதலிற் செய்யப்பட்டது என்று தேடினால் விடையில்லை. நடைமுறை முந்திற்று, வகைப்பாடு பிந்திற்று.

1835-இல் நிகழ்ந்த ஒரு செய்தி இதனை நன்கு விளக்கும். ஜான் பேட்மன் என்னும் குடியேறி, இன்று மெல்போர்ன் நகரம் உள்ள பகுதியில் வாழ்ந்த தொல்குடித் தலைவர்களோடு உடன்படிக்கை செய்து, கம்பளி, கோடரி, கத்தரிக்கோல், கண்ணாடி, மாவு முதலியவற்றைக் கொடுத்து ஆறு இலட்சம் ஏக்கர் நிலத்தைப் பெற்றதாகக் கூறினார். விலை நேர்மையானதன்று, உடன்படிக்கையின் பொருளை அத்தலைவர்கள் எவ்வளவு உணர்ந்தனர் என்பதும் ஐயத்திற்குரியது. எனினும், நிலத்திற்கு உடையவர் உண்டு, அவரிடமே அதனைப் பெறவேண்டும் என்னும் எண்ணம் அதில் அடங்கியிருந்தது. ஆளுநர் ரிச்சர்டு பர்க் அவ்வாண்டு ஆகஸ்டு 26-ஆம் நாள் வெளியிட்ட பறைசாற்றல் அந்த எண்ணத்தையே அறுத்தது. தொல்குடியினரோடு செய்யும் நில உடன்படிக்கை எதுவும் செல்லாது. அரசின் இசைவின்றி அங்கு இருப்பார், மன்னர்க்குரிய வெற்றுநிலத்தில் அத்துமீறி நுழைந்தவராவர் என்பது அதன் சாரம். இங்கும் ‘எவரதும் அன்று’ எனக் கூறப்படவில்லை. ‘மன்னரது’ என்றே கூறப்பட்டது. உரோமானியர் வென்றபின் சொன்னதை, ஆங்கிலேயர் போர் அறிவிக்காமலே சொன்னார்கள். ‘வெற்றுநிலம்’ என்னும் அடைமொழியே வெற்றியின் இடத்தை நிரப்பிற்று. ஐந்தாண்டு கழித்து, 1840-இல், அண்டை நாடாகிய நியூசிலாந்தில் அதே பேரரசு மாவோரித் தலைவர்களோடு வைத்தாங்கி உடன்படிக்கை செய்துகொண்டது. ஆகவே அக்காலத்து ஆங்கிலேயர்க்கு வேறு நெறி தெரியாது என்பாரது வாதம் நில்லாது.

1889-இல் லண்டன் பிரிவி கவுன்சில், கூப்பர் என்பார்க்கும் ஸ்டூவர்ட் என்பார்க்கும் நடந்த வழக்கில் ஒரு முடிவு கூறியது. வழக்கு சிட்னி நகரத்து நிலமொன்றைப் பற்றியது. தொல்குடியினர் அதில் ஒரு தரப்பினரல்லர். போகிற போக்கில், நியூ சவுத் வேல்ஸ் நிலையான குடிகளோ நிலையான சட்டமோ இன்றி, நடைமுறையில் ஆளற்றதாய் இருந்து, அமைதியாக இணைக்கப்பட்ட நாடு என்று அம்மன்றம் உரைத்தது. அமைதியாக என்னும் சொல்லைப் படிப்பார், அதற்கு முந்தைய நூறாண்டில் எல்லைப்புறங்களில் நிகழ்ந்த கொலைகளை நினையாமல் இருத்தல் அரிது. ‘ஆளற்ற’ என்பதற்கு முன் ‘நடைமுறையில்’ என்றோர் அடைமொழி வேண்டியிருந்ததும் நோக்கத்தக்கது. ஆளில்லா நிலம் என்னும் முதற்பொருள், உடையாரில்லா நிலம் என்னும் இரண்டாம் பொருளாக மாறுகின்ற இடம் இதுவே. இத்தீர்ப்பிலும் நம் இலத்தீன் தொடர் இல்லை.

தொடர் வேறிடத்திற் பிறந்துகொண்டிருந்தது. ஆப்பிரிக்காவைப் பங்கிட்ட ஐரோப்பிய அரசுகள் 1884-85-இல் பெர்லினிற் கூடின. மாநாட்டில் அமெரிக்கப் பேராளராகிய காசன், தொல்குடியினரின் இசைவு வேண்டும் என்னும் கருத்தை எழுப்பினார். மாநாடு அதனை விதியாக ஏற்கவில்லை. இதன் பின்னர் அனைத்துலகச் சட்டக் கழகத்தில் ஜெர்மானிய அறிஞர் பெர்டினாண்டு மார்ட்டிஸ் ஓர் அறிக்கை அளித்தார். ‘தெரித்தோரியும் நுல்லியுஸ்’ என்பதற்கு அவர் இலக்கணம் வகுத்தார்: நாகரிக நாடுகளின் சட்டக்கூட்டத்தைச் சேர்ந்த ஓர் அரசின் ஆட்சிக்கோ காப்புக்கோ உட்படாத நிலப்பகுதி எதுவும் அது, அங்கு மக்கள் வாழினும் வாழாவிடினும் ஒன்றே. மூன்றாம் பொருள், அஃதாவது அரசில்லா நிலம் என்பது, இவ்விலக்கணத்தில் முழுவுருவம் பெறுகின்றது. கோடி மக்கள் வாழ்ந்தாலும், அவர்க்கு அரசர் இருந்தாலும், ஐரோப்பியக் கூட்டத்தில் அவ்வரசர் இடம்பெறாவிடின் நிலம் எவரதும் அன்று. 1888-இல் லோசானிற் கூடிய கழகம் இவ்விலக்கணத்தை ஏற்க மறுத்தது. மறுக்கப்பட்டும் தொடர் மறையவில்லை.

‘தெர்ரா நுல்லியுஸ்’ என்னும் இன்றைய வடிவம் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பனிநாடுகளைப்பற்றிய வழக்குகளிற் பரவிற்று. ஸ்பிட்ஸ்பெர்கன் தீவுகளில் தொல்குடியினர் இல்லை. திமிங்கில வேட்டைக்காரரும், பின்னர் நிலக்கரி தோண்டுவாருமே இருந்தனர். 1920-ஆம் ஆண்டு உடன்படிக்கை அவற்றை நார்வேக்கு உரியதாக்கியது. 1931-இல் பசிபிக் பெருங்கடலின் கிளிப்பர்ட்டன் தீவைப்பற்றி இத்தாலிய மன்னர் நடுவராயிருந்து கூறிய முடிவும், 1933-இல் கிழக்குக் கிரீன்லாந்து பற்றி ஹேக் நகரத்து மன்றம் அளித்த தீர்ப்பும் இக்கருத்தை ஆண்டன. கிளிப்பர்ட்டன் போன்ற ஆளற்ற பாறைத் தீவுக்குத் தொடர் பொருத்தமானதே. தொடரின் இளமைக்காலம் இவ்வாறு பனியிலும் பாறையிலும் பழியின்றிக் கழிந்தது என்னலாம்.

அது மீண்டும் மக்கள் வாழும் நிலத்திற்கு வந்தது 1975-இல். மேற்குச் சகாராவை ஸ்பெயின் 1884-இல் கைக்கொண்டபோது அது ‘தெர்ரா நுல்லியுஸ்’ ஆக இருந்ததா என ஐக்கிய நாடுகள் பொதுப்பேரவை அனைத்துலக நீதிமன்றத்தை வினவிற்று. சமுதாய, அரசியல் அமைப்புடைய குடிகள் வாழ்ந்த நிலத்தை அக்காலத்து அரசுகளே அங்ஙனம் கொண்டதில்லை. தலைவர்களோடு உடன்படிக்கை செய்தே உரிமை பெற்றன என்று கூறி, இல்லை என்பதே மன்றத்தின் ஒருமித்த விடையாயிற்று. வித்தோரியா ஏந்திய கேடயம் நானூற்று முப்பத்தாறு ஆண்டுகளுக்குப் பின் மீண்டும் கையிலெடுக்கப்பட்டது.

இதற்கு நான்காண்டு முன்னர், 1971-இல், ஆஸ்திரேலியாவின் வடபகுதியில் ஒரு வழக்கு முடிவுற்றிருந்தது. யிர்க்காலாவைச் சேர்ந்த யோல்ங்கு மக்கள், தம் நிலத்தில் பாக்சைட்டுச் சுரங்கம் தோண்டுவதை எதிர்த்து 1963-இல் மரப்பட்டையில் ஓவியத்துடன் எழுதிய விண்ணப்பத்தை நாடாளுமன்றத்திற்கு அனுப்பினர். பின்னர் நீதிமன்றம் சென்றனர். நீதிபதி பிளாக்பர்ன் அவர்கள் கூறியவற்றை மிகுந்த கவனத்துடன் கேட்டார். அவர்களிடம் நுட்பமான சட்டவொழுங்கு ஒன்று இருப்பதை ஐயமின்றி ஒப்புக்கொண்டார். எனினும் வழக்கைத் தள்ளினார். அதற்கு அவர் காட்டிய காரணங்களுள் ஒன்று நம் இலக்கணம் பயின்றார்க்குப் பெரிதும் சுவை தருவது. நிலம் அக்குலத்தைச் சேர்ந்தது என்பதினும், குலம் அந்நிலத்தைச் சேர்ந்தது என்று கூறுவதே சான்றுகட்கு இயைபுடையது. ஆகவே இவ்வுறவைச் சட்டம் அறிந்த உடைமை எனல் இயலாது என்பது அவர் கருத்து.

ஆறாம் வேற்றுமையின் பொருளைக் கிழமை என்பர் நம் இலக்கண நூலார். அதனைத் தற்கிழமை எனவும் பிறிதின்கிழமை எனவும் இருவகைப்படுத்துவர். சாத்தனது கை என்பதில் கை சாத்தனின் வேறன்று, அது தற்கிழமை. சாத்தனது வீடு என்பதில் வீட்டைப் பிரித்து விற்கலாம்; அது பிறிதின்கிழமை. ஆங்கிலச் சட்டம் நிலத்திற்குப் பிறிதின்கிழமை ஒன்றையே அறியும். விற்கவும் பிறரை விலக்கவும் இயலாதது அதற்கு உடைமையன்று. யோல்ங்கு மக்கள் மன்றத்தில் எடுத்துரைத்ததோ தற்கிழமைக்கு நெருங்கியது. உறவு மிகுந்து உடைமை என்னும் எல்லையைக் கடந்துவிட்டமையால், உறவே இல்லை என முடிவாயிற்று! இலக்கண உவமை வழக்குக்குச் சான்றாகாது என்பதை அறிவோம். ஆயினும் ‘நுல்லியுஸ்’ என்னும் வேற்றுமைச் சொல் எந்தக் கிழமையை மறுக்கின்றது என்று கேளாமல் விட்டதன் விளைவை இது தெளிவாகக் காட்டுகின்றது.

ஆஸ்திரேலிய வரலாற்றெழுத்தில் நம் தொடர் பரவியது இதன் பின்னரே. ஆலன் பிராஸ்ட் 1981-இல் எழுதிய கட்டுரையும், ஹென்றி ரெனால்ட்ஸ் 1987-இல் வெளியிட்ட ‘நாட்டின் சட்டம்’ என்னும் நூலும் அதனை அறிஞரிடையே நிலைநிறுத்தின. 1992 ஜூன் 3-ஆம் நாள் ஆஸ்திரேலியாவின் தலைமை நீதிமன்றம் அளித்த மாபோ தீர்ப்பு அதனை வீடுதோறும் கொண்டுசேர்த்தது.

அவ்வழக்கு எழுந்த இடம் டாரஸ் நீரிணையிலுள்ள மெர் தீவு. அதனொடு டவார், வையர் என்னும் இரண்டையும் சேர்த்தாலும் ஒன்பது சதுர கிலோமீட்டரளவே நிலம். அங்கு வாழும் மெரியம் மக்கள் தோட்டப் பயிர் செய்வோர். தோட்டத்துக்குத் தோட்டம் எல்லை வகுத்து, அதனை வழிவழியாக நினைவில் வைத்திருப்போர். லாக்கின் அளவுகோலையே எடுத்து அளந்தாலும் அவர்கள் உடைமையாளரே. ஆயினும் 1879-இல் குவீன்ஸ்லாந்து அத்தீவுகளை இணைத்துக்கொண்டபோது, அவர் தோட்டங்கள் அனைத்தும் மன்னர்க்குரிய நிலம் எனவே கொள்ளப்பட்டன. எட்டி கொய்க்கி மாபோ முதலிய ஐவர் 1982-இல் வழக்குத் தொடுத்தனர். வழக்கை வேரறுக்கக் கருதிக் குவீன்ஸ்லாந்து 1985-இல் ஒரு சட்டம் இயற்றிற்று; அச்சட்டம் செல்லாது என 1988-இல் தீர்ப்பாயிற்று.

1992-ஆம் ஆண்டுத் தீர்ப்பில் நீதிபதியர் அறுவர் ஒருபுறமும் ஒருவர் மறுபுறமும் நின்றனர். ஆள் வாழும் நிலத்தையும் உடையாரில்லா நிலமாகக் கொள்ளும்படி விரிக்கப்பட்ட ‘தெர்ரா நுல்லியுஸ்’ கருத்தை நீதிபதி பிரென்னன் மறுத்தார். மேற்குச் சகாரா பற்றிய கருத்துரை அவர்க்குத் துணையாயிற்று. மெர் தீவின் நிலத்தை, உலகனைத்திற்கும் எதிராக, வைத்திருக்கவும் துய்க்கவும் மெரியம் மக்கள் உரியவர் என மன்றம் அறிவித்தது. ஆயின் ஆட்சியுரிமையை மன்றம் தொடவில்லை. அரசு எவ்வாறு அந்நாட்டுக்கு ஆட்சியுரிமை பெற்றது என்பதை அவ்வரசின் நீதிமன்றமே வினவுதல் கூடாது என்றது. ஏற்கெனவே முழுவுரிமையுடன் பிறர்க்கு வழங்கப்பட்ட நிலங்களில் தொல்லுரிமை அற்றுப்போயிற்று என்றும் கூறிற்று. இரண்டாம் பொருளிற் பொய் என்று தள்ளப்பட்ட தொடர், மூன்றாம் பொருளில் வினவப்படாமலே நின்றது.

தீர்ப்புக்குப் பின் தொடரைப்பற்றியே ஒரு பூசல் மூண்டது. ஆஸ்திரேலியச் சட்டத்தில் இப்பெயரோடு ஒரு கோட்பாடு இருந்ததேயில்லை, இல்லாததை மன்றம் எங்ஙனம் தள்ளிற்று என டேவிட் ரிட்டர் 1996-இல் வினவினார். மைக்கேல் கானர் 2005-இல் எழுதிய நூலில், இத்தொடர் வரலாற்றாசிரியரின் புனைவு என்றே சாடினார். ஆண்ட்ரூ பிட்ஸ்மாரிஸ் 2007-இல் நடுநிலையில் நின்று, ‘ரேஸ் நுல்லியுஸ்’ விதியினின்றும் கிளைத்த வாதங்களின் நெடுவழியை எடுத்துக்காட்டினார்.

தொடர் 1788-இல் வழங்கவில்லை என்றவரை கானரின் கூற்றை மறுத்தற்கில்லை. சான்றில்லாத இடத்தில் பெயரை ஏற்றுதல் வரலாற்றாசிரியர்க்குத் தகாது. ஆயின் பெயரில்லை என்பதால் பொருளும் இல்லை என்று துணிதல் அதனினும் பெரும் பிழை. எட்டுத்தொகை என்னும் பெயரைக் கபிலரும் பரணரும் அறியார். அதனால் அவர் பாடல்கள் இல்லை என்போமா? கபிலர் எட்டுத்தொகைக்காகப் பாடினார் என்று எழுதுவோமாயினும் பிழையே. பர்க்கின் பறைசாற்றலையும் 1889-ஆம் ஆண்டுத் தீர்ப்பையும் அவற்றின் சொற்களிலேயே படித்தல் வேண்டும். ‘வெற்றுநிலம்’, ‘நடைமுறையில் ஆளற்றது’ என்னும் அச்சொற்கள், இலத்தீனின் துணையின்றியே நிலத்தைப் பறித்தன. அவற்றின்மேல் ஓர் இலத்தீன் தொடரைப் போர்த்தியதால் நேர்ந்த கேடு வேறொன்று: அதிகாரிகள் நாள்தோறும் செய்த சிறு சிறு முடிவுகள், உரோமாபுரியிலிருந்து வந்த ஒரு பழங்கோட்பாட்டின் தவிர்க்கவொண்ணா விளைவு போலத் தோற்றமளிக்கலாயின. குக்குக்கு அளித்த கட்டளையில் ‘இசைவுடன்’ என்னும் சொல் இருந்தது; பேட்மன் கொடுத்த கம்பளியில் விலை என்னும் எண்ணம் இருந்தது; வைத்தாங்கியில் உடன்படிக்கையே இருந்தது. வழி இருந்தும் அவ்வழிச் செல்லவில்லை என்பதைக் கோட்பாட்டின் பெயர் மறைத்துவிடுகின்றது.

மாபோ தம் வழக்கின் முடிவைக் காணவில்லை. 1992 ஜனவரி 21-ஆம் நாள் இறந்தார். மெர் தீவில் அவர் தமக்கெனக் கோரிய நிலவுரிமையை, மாநில நீதிபதி 1990-இல் சான்றுகளை ஆராய்ந்தபோதே ஏற்க மறுத்திருந்தார். மற்றவர் கோரிக்கைகளின் வலியாலேயே வழக்கு மேற்சென்றது. டவுன்ஸ்வில் நகரில் அடக்கம் செய்யப்பட்ட அவரது கல்லறை, 1995-இல் நினைவுக்கல் நாட்டிய பின்னர்ச் சிதைக்கப்பட்டது. அதன்பின் அவ்வாண்டிலேயே அவர் உடல் மெர் தீவுக்குக் கொண்டுசெல்லப்பட்டு, அவருடைய ஊராகிய லாஸில் மீண்டும் அடக்கம் செய்யப்பெற்றது.